படுக்கையறைக் கதவைப் பற்றி

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகளும் சுகம். குடியை விடும் சிகிச்சைக்கு நீங்கள் போய் இது ஏழாவது வாரம். கை நடுக்கம் நின்றுவிட்டது, வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று அங்கிருக்கும் நர்ஸ் போனில் சொன்னார். வயிற்றில் பாலை வார்த்தார். போன வாரம் வாலுவுக்கு ஒரு முன்பல் விழுந்தது. அப்பா வரும்வரை அடுத்த பல்லை ஆட்டக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டிருக்கிறாள்.

இனி வீட்டு விஷயம். வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் முன் வீட்டைப் பார்க்க வருவதாக வீட்டுக்காரம்மா சொல்லி அனுப்பினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படுக்கையறைக் கதவில் நீங்கள் குடித்துவிட்டு வந்து குத்திய ஓட்டை இருக்கிறதே! மறுநாள் காலையில் நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அதன்மேல் காலண்டரை ஒட்டினோம். நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள், நான் பசை தடவினேன். வாலு தூக்கிப் பார்த்துவிடக் கூடாதே என்று நான்கு பக்கமும் தடவினேன்.

உங்கள் அக்காவிடம் யோசனை கேட்டேன். இன்னும் பெரிய காலண்டராக வாங்கி மாட்டு, அந்தம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலே பாதிதான் தெரியும் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எட்டு மாதம் மறைத்தது போதாதா என்று கோபம் வந்தது. அக்கா மேல் இல்லை, என் மேல்தான்.

அன்று மதியமே ஒப்பந்தத்தை எடுத்து முதல்முறையாக முழுதும் படித்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட்ட புத்திசாலிகள் நாம். பழசாகித் தேய்வதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வாராம். குடியிருப்பவர் உடைத்ததைக் குடியிருப்பவர்தான் சரிசெய்ய வேண்டுமாம், பழுது எதுவானாலும் உடனே தெரிவிக்கவும் வேண்டுமாம். குளியலறை அடைப்பை எடுப்பது, சன்னல் ஓரம் பூஞ்சை படியாமல் துடைப்பது எல்லாம் நம் பொறுப்பு. அவற்றை அன்றைக்கே முடித்தேன். அடைப்பிலிருந்து வாலுவின் ரிப்பனும் உங்கள் சட்டைப் பொத்தான் மூன்றும் வந்தன. பொத்தான்களைக் கழுவி வைத்திருக்கிறேன்.

பிறகு காலண்டரைப் பிய்த்தேன். அங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வெளிப்பட்டது. நான் தடவியது செருப்பு ஒட்டுகிற பசை. காலண்டரோடு கதவின் மேல்தகடும் ஒரு முழத்துக்கு உரிந்து வந்துவிட்டது. ஓட்டை உங்கள் கை அளவுதான், நான் மறைத்ததால் வந்த சேதம் அதைப்போல நாலு மடங்கு. தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். கணவர் குடித்துவிட்டுக் குத்தினார், நான் மூடி மறைத்தேன், வீட்டைப் பார்க்க வருவதற்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். வெளி ஆளிடம் இதை நான் சொன்னது அதுதான் முதல்முறை.

அவர், "கதவுக்கு மட்டும்தான் அடி விழுந்துச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது உண்மை. அடுத்தது எங்கே விழுமோ என்று நான் பயந்துகொண்டே இருந்ததும் உண்மை. அதையும் சொன்னேன். உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன் என்று வருத்தப்படாதீர்கள். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

தச்சர் வந்து பார்த்துவிட்டு, புதுக்கதவு போட்டுவிடலாம் என்றார். வேண்டாம், ஒட்டுப்போடக் கற்றுக்கொடுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். அவர் சதுரமாக வெட்டிப் பலகை பொருத்தினார். பட்டி பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்ததெல்லாம் நான். மூன்று நாள் தேய்த்ததில் கைரேகையே அழிந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டு தெரியத்தான் செய்கிறது. வீட்டுக்காரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "போதும், இது தாங்கும்" என்றார்.

புது ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரா, ஒருவர் பெயரா என்று கேட்டார். ஒருவர் என்றேன். என் பெயரில் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், கடிதத்தை மட்டும் கடைசிவரை படியுங்கள்.

விருந்தினர் யாரும் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. சிகிச்சை முடிந்ததும் முதலில் விருந்தாளியாக வாருங்கள். அந்த நாட்களில் ஒரு சொட்டு தொட்டாலும் வீட்டுக்குள் விடமாட்டேன், வாலு அழுதாலும் விடமாட்டேன். தொடாமல் இருந்தால், பதினைந்தாம் நாள் காலையில் உங்கள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று வீட்டுக்காரம்மாவிடம் நாள் கேட்டு வைத்திருக்கிறேன். பேனாவும் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உடம்பும் மனசும் தேறி நல்லபடியாக வந்து சேருங்கள்.

பதினைந்தாம் நாளுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி