ஏழாவது நாற்காலி

ஹட் பே,
லிட்டில் அந்தமான்.
மாசி 9, வெள்ளிக்கிழமை

என் அன்புப் பேத்தி திவ்யாவுக்கு,

உன் அப்பாயி ராசம்மா நல்ல சுகத்தோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக எழுதும் கடிதம். நல்ல சுகத்தோடு என்று எழுதியிருப்பதை இன்னொரு தடவை படித்துக்கொள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளின் சேதி. உன் அத்தை மகன் சிவபிரகாஷ் கப்பல் என்ஜின் படிப்பில் இரண்டாம் வருஷமும் முதல் வகுப்பு வாங்கிவிட்டான். அகிலாவுக்குப் போர்ட் பிளேயரில் நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. வெள்ளை உடுப்போடு வந்து என் காலில் விழுந்தாள், உடுப்பு அழுக்காகும் என்று நான்தான் பாதியிலேயே தூக்கிவிட்டேன். சின்னவள் சங்கவிக்கு ஹிந்திப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, வடநாட்டுப் பிள்ளைகளையெல்லாம் தாண்டி. கோப்பை டி.வி. மேல் இருக்கிறது. உன்னைப் பற்றி உனக்கே எழுத வேண்டியதில்லை. விசாகப்பட்டினத்தில் மீன் ஆராய்ச்சி ஆபீசில் என் பேத்தி கண்ணாடிக் குழாயில் பார்த்துச் சொன்னால்தான் சர்க்கார் எழுதிக்கொள்கிறது என்று கப்பல் ஜெட்டியில் டிக்கெட் கொடுக்கிறவர் வரைக்கும் சொல்லியிருக்கிறேன்.

சிலோன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் வம்சம் இது. எனக்குப் பெருமை இருக்காதா. அந்தப் பெருமையால்தான் இப்போது ஒரு காரியம் ஆகிக் கிடக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்ல முடியாது. போன் உன் அம்மா கையில். எனக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். என் காது நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் காதால் கேட்டதைத்தான் எழுதப் போகிறேன்.

போன வாரம் உன் அப்பாவும் அம்மாவும் என்னைச் சொகுசுக் கப்பலுக்குக் கூட்டிப்போனார்கள். படங்கள் உனக்கு வந்திருக்கும். போர்ட் பிளேயரில் ஏறி, நாலு நாள் கடலில் சுற்றி, திரும்பவும் போர்ட் பிளேயரிலேயே இறங்குவதாம். கேட்டவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாம் கப்பல் ஏறுவது ஆஸ்பத்திரிக்கு, பரீட்சைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு. ஏறின இடத்திலேயே இறங்குவதற்கு யாராவது ஏறுவார்களா? உன் அப்பா முருகானந்தம் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவன். அவன் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தான். உன் அம்மா எனக்குப் புதுச் சேலை எடுத்தாள். சரி, எனக்குத்தான் ஏதோ பெரிய வியாதி, சொல்லாமல் மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்க் காட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் பழைய மருந்துச் சீட்டுகளையும் இரண்டு உள்பாவாடையையும் கூடுதலாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஹட் பேயிலிருந்து எட்டு மணி நேரம் நம் சர்க்கார் கப்பலில் போய், போர்ட் பிளேயரில் இந்தக் கப்பலில் ஏறினோம். அந்த ஊர் டெலானிபூர் மேட்டில் இருக்கிற குவார்ட்டர்ஸ் வீடுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. பதினோரு மாடி. வாசலில் என் புளிச்சோற்றுத் தூக்கை ஒரு பெட்டிக்குள் விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச் சாப்பாடு கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாலு நாளைக்குக் கெடாமல் இருக்க நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறியது. யார் தின்றார்களோ.

ஏறி ஒரு மணி நேரம் ஆகவில்லை, மணி அடித்தார்கள். எல்லோரையும் ஓர் இடத்தில் நிறுத்தி, மிதவைச் சட்டை மாட்டுவது எப்படி என்று காட்டினார்கள். கரையில் கட்டின கயிற்றையே இன்னும் அவிழ்க்கவில்லை. இவங்களுக்கே இவங்க கப்பல் மேல நம்பிக்கை இல்ல போல என்றேன் உன் அம்மாவிடம். சும்மா இருங்க அத்தே, எல்லாரும் பாக்கிறாங்க என்றாள். நான் படகுகளை எண்ணிக்கொண்டேன். நாங்கள் நின்ற பக்கம் மட்டும் எட்டு.

அந்தக் கப்பலில் டீசல் வாடை இல்லை. ஆட்டம் இல்லை. வாந்திக்கு என்று நான் கொண்டுபோன எலுமிச்சம்பழம் அப்படியே திரும்பி வந்தது. ஆடாத கப்பலை நான் நம்பவில்லை. சுற்றிலும் கடல் இருக்க, மேல்மாடியில் ஒரு குளம் வெட்டி அதில் ஜனங்கள் நீந்துகிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒருவன் நின்றுகொண்டு பாட்டுப் பாடி எல்லோர் கையிலும் ஏதோ மருந்துத் தண்ணீர் தெளிக்கிறான். உள்ளே மலை மலையாகச் சோறும் கறியும். இவ்வளவு ஏன் உபசரிக்கிறார்கள் என்று யாருக்குமே கேட்கத் தோன்றவில்லை. நாம் வெளியே போன நேரம் பார்த்து யாரோ அறைக்குள் வந்து, துண்டை மடித்துக் குரங்கு மாதிரிச் செய்து கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் என் பையின் ஜிப்பில் ஒரு நூலைக் கட்டிவிட்டுப் போனேன். நூல் அப்படியே இருந்தது. குரங்குதான் இரண்டாம் நாள் யானையாகியிருந்தது.

இதெல்லாம் வேடிக்கை. இனி எழுதுவதைக் கவனமாகப் படி.

அந்தக் கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் ஆளாளுக்கு மேசை குறித்துவிடுவார்கள். நாலு நாளும் அதே மேசை, அதே ஆட்கள். எங்களுடையது வட்ட மேசை, ஏழு நாற்காலி. எங்களோடு உட்கார்ந்தவர்கள் டெலானிபூர்க்காரர்கள். பன்னீர்செல்வம் என்று ரிட்டையர் ஆன ஆபீசர், அவர் சம்சாரம் மரகதம், அவர்கள் மகன் நந்தகுமார். நம் பாஷை பேசுகிற மனிதர்கள் தற்செயலாக அமைந்தார்கள் என்று எனக்குச் சந்தோஷம். அந்த அம்மாள், உங்களுக்குப் பேரப் பிள்ளைங்க எத்தனை பேரும்மா என்று கேட்டாள். என்னைப் போய் அதைக் கேட்கலாமா. சூப்பு ஆறுகிற வரை சொன்னேன். சிவபிரகாஷ், அகிலா, சங்கவி, நீ, ஒன்று விடாமல். அவள் மற்றவர்களைப் பற்றிக் கேட்கும்போது தலையாட்டினாள். உன்னைப் பற்றிச் சொல்லும்போது கரண்டியைக் கீழே வைத்தாள். உயரம் எவ்வளவு, கண்ணாடி போடுவாளா, மெயின்லேண்டிலேயே இருந்துவிடுவாளா, மாற்றல் கேட்டால் போர்ட் பிளேயருக்குக் கொடுப்பார்களா. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கேட்காததற்கும் சொன்னேன்.

இரண்டாம் நாள் உன் அம்மா வழியிலேயே, அத்தே, திவ்யா காலேஜ்ல மெடல் வாங்கினதை இன்னிக்குச் சொல்லுங்க என்றாள். என் பேச்சை ஒரு நாளும் கேட்க விரும்பாதவள் எடுத்துக் கொடுத்துப் பேசச் சொல்கிறாள். உன் அப்பாவிடம், நாளைக்கு வேற மேசையில உட்காருவோம்டா என்றேன். அதெல்லாம் கப்பல் கம்பெனி போடுறதும்மா, மாத்த முடியாது என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பொய் சொல்லும்போது அவன் தட்டைத்தான் பார்ப்பான், சின்ன வயசிலிருந்து.

மறுநாள் காலையில் பரிமாறுகிறவரைத் தனியாகப் பிடித்தேன். டார்ஜிலிங்காரர், நாற்பது வயசிருக்கும். நம் தீவு ஹிந்தியிலேயே கேட்டேன். அவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அம்மாஜி, டிக்கெட் எடுக்கும்போதே உங்க ரெண்டு குடும்பமும் ஒரே மேசை வேணும்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே என்றார்.

வியாதி எனக்கில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு ராத்திரியாகப் பெண் பார்க்கிறார்கள், பெண் இல்லாமலே. உனக்குப் பதிலாக நான் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும், திவ்யா. உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயசு. சிலோனிலிருந்து திருப்பி அனுப்பினவர்களை அந்தமானில் தோட்ட வேலை என்று மெட்ராசில் கப்பல் ஏற்றினார்கள். எங்கள் படுக்கைத் தட்டுக்கு எதிர் பங்க்கில் உன் தாத்தா அழகையாவின் குடும்பம். முதல் நாள் என் அம்மா வாந்தி எடுத்தபோது அவர் அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தார். இரண்டாம் நாள் இரண்டு வீட்டுச் சோற்றையும் ஒரே சட்டியில் போட்டுப் பிசைந்தார்கள். நான் மேலே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கரை இறங்கும்போது என் அம்மா, உனக்குப் பேசி முடிச்சாச்சு என்றாள். எந்த பங்க்குக்காரங்க என்றுதான் கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் தாத்தா தங்கமான மனிதர். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கப்பல் நம் ஹட் பே கரையை எட்ட இருந்தே தாண்டிப் போயிற்று. நிற்காமல் போகிற கப்பலிலிருந்து நம் ஊரை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஓர் அம்மாள் தன் புருஷனிடம், அங்க மனுஷங்க இருப்பாங்களா என்றாள். இருக்காது, காடுதான் என்றார் அவர். நான் இருக்கேன், ஜெட்டிலேர்ந்து மூணாவது வீடு என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால் அந்த நந்தகுமார். விட்டேனா. எதுக்கு இந்தக் கப்பல்ல வந்திருக்கன்னு உனக்குத் தெரியுமா தம்பி என்றேன். தெரியும் பாட்டி என்று தலையைச் சொறிந்தான். பிறகு, உங்க பேத்திக்குத் தெரியுமா என்று என்னைத் திருப்பிக் கேட்டான்.

பெற்றவர்கள் கேட்காததை ஊரான் பிள்ளை கேட்டான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் எழுதிவிட வேண்டும். அன்று ராத்திரி அவன் சாப்பிட வரவில்லை. ஐஸ்கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் அம்மா சொன்னாள்.

அந்தக் கப்பலில் போட்டோ பிடிக்கிறவர்கள் கேட்காமலே பிடித்து, ஒரு நடைபாதைச் சுவர் முழுக்க மாட்டிவிடுகிறார்கள். முதல் நாள் எங்கள் மேசையையும் பிடித்திருந்தார்கள். கடைசி நாள் காலையில் போய் அதைப் பார்த்தேன். ஆறு பேர் சிரிக்கிறோம். ஏழாவது நாற்காலி நந்தகுமார் பக்கத்தில். வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் உன் அம்மா அதில் தன் கைப்பையை வைத்திருக்கிறாள். நான் நன்றாக வாயைத் திறந்து பேசிக்கொண்டிருக்கிறேன். அநேகமாக உன்னைப் பற்றி.

அன்று மத்தியானம் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்து உன் அம்மாவும் அந்த மரகதமும் பக்கத்திலேயே பேசினார்கள். அவ லேசுல வர மாட்டா, அத்தைக்கு முடியலன்னு சொன்னா அடுத்த கப்பல்லயே வந்து நிப்பா, பங்குனி உத்திரத்தன்னைக்குத் தட்டு மாத்திடலாம் என்றாள் உன் அம்மா. பிறகு என் முகத்துக்கு நேரே அவள் போனில் படம் எடுக்கிற சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. அந்தப் படம் உனக்கு வரும். வாய் கோணி, கை தொங்கிக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருப்பேன். மூன்று வகைப் பாயசம் சாப்பிட்ட மயக்கம் அது. லிப்ட்டை நம்பாமல் பதினோரு மாடியும் படியில் ஏறி இறங்கினவள் நான். எனக்கு முடியவில்லை என்று போன் வந்தால், கடிதத்தின் முதல் வரியை எடுத்துப் படி.

உன் அம்மாவின் மேல் கோபப்படாதே. பெண்ணுக்கு இருபத்தேழு ஆகிறது, தனியாக இருக்கிறாள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்கிறாள். என்னைக் கேட்டால் சொல்ல என்னிடம் உன் மெடல் இருக்கிறது. அவளிடம் என்ன இருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு முத்துவீரனிடம் கொடுக்கிறேன். ஜெட்டியில் வேலை, இன்றைய கப்பலிலேயே தபால் பையில் சேர்த்துவிடுவான். நீ எங்கே இருந்தாலும் சோறும் தூக்கமும் குறையாமல், யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன். பங்குனிக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் தெரிந்து வா.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. போன தீபாவளிக்கு நீ அனுப்பிய போட்டோ என் பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கிறது. கடற்கரையில் நின்று சிரிக்கிறாய். அதன் இடது ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது, கடையில் வெட்டினால் அவ்வளவு கோணலாக வராது. உன் தோளுக்குப் பக்கத்தில் நீலக் கோடு போட்ட சட்டைக் கை கொஞ்சம் மிச்சமிருக்கிறது, ஒரு பித்தானோடு. நாலு மாசமாகப் பார்க்கிறேன். பிரேம் போடுகிறேன் என்று உன் அம்மா கேட்டாள், நான் கொடுக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்றெல்லாம் இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். நான் நினைப்பது தப்பு என்றால் உன்னை மட்டும் எடுத்து அனுப்பு, அதோடு விட்டுவிடுகிறேன்.

தப்பில்லை என்றால், போட்டோவின் பின்பக்கம் அவன் பெயரும், என்ன படிப்பு, என்ன வேலை, பரிசு கிரிசு வாங்கியிருந்தால் அதுவும் எழுது. நாலு பேர் முன்னால் நான் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்த வாய் கெடுத்ததை இந்த வாயே சரி செய்யும்.

உத்திரத்துக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி, என் பெயருக்கே, புதிதாக ஒரு போட்டோ தபாலில் போடு கண்ணு. கத்தரிக்காமல் போடு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அப்பாயி,
அ. ராசம்மா