ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தண்ணீர்

அக்டோபர் 6

சுகாதாரத் துறையிலிருந்து கொசுப்புழு பார்க்கிற பெண் வந்தாள். வாளி, தொட்டியெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டை இழுத்தாள். நெளிநெளியென்று புழு. "ஐயா, பண்ணையே வச்சிருக்கீங்களே!" காலமெல்லாம் பஸ்ஸில் ஊரை அதட்டிய கண்டக்டர் நான். என்னை ஒருத்தி அதட்டியது நன்றாகத்தான் இருந்தது. தட்டைக் கொட்டிக் கழுவிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தன் மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் புலம்பினாள். மனைவி இறந்த பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை.

புழு இருந்த வீட்டுக்கு வாரா வாரம் வருவார்களாம். சுத்தமான வீட்டுக்கு மாதம் ஒருமுறைதான்.

அக்டோபர் 8

இன்று யாரிடமும் பேசவில்லை. தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபர் 13

வந்தாள். நல்ல திட்டு. மகள் கணக்கில் தேறிவிட்டாளாம். அவள் போனதும் மறுபடி ஊற்றினேன். புத்தி எங்கே போயிற்று எனக்கு?

அக்டோபர் 21

மழை. நேற்று வரவேண்டியவள் வரவில்லை. தட்டில் புழுக்களைக் காணோம். கை காலெல்லாம் கடி.

அக்டோபர் 27

வந்தாள். உட்கார்ந்ததுமே கையில் பட்டென்று அடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக் கொசுவுக்கு என் மேல என்னா பாசம்!" இரண்டு பேரும் சிரித்தோம்.

நவம்பர் 5

வேறொருவன் வந்தான். "அக்காவுக்கு டெங்குங்க. ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு."

என் வீட்டுக் கொசுதான் என்று யார் கண்டது? ஊரில் வேறு கொசுவே இல்லையா? இல்லையாடா? பாவி, நீதானே ஊத்தின, உன் கையாலதானே ஊத்தின —

நவம்பர் 6

தட்டைத் தேய்த்துக் காயவைத்தேன். மாடியில் கிடந்த டயர், உடைந்த பானை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன்.

நவம்பர் 30

அவளே வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். பிழைத்துவிட்டாள், அது போதும். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம், முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"நீங்களேவா ஊத்தினீங்க?"

"நீ வருவேன்னுதாம்மா."

"எம் பொண்ணு அத்தனை நாளும் அடுத்தவங்க வீட்டுல படுத்துக் கிடந்துச்சு, ஐயா." டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர் கேட்கவில்லை.

டிசம்பர் 14

இந்த வீட்டில் கொசு இல்லை. யாருமே இல்லை.

டிசம்பர் 30

வேறு ஆளைத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். அவளே வந்தாள். முகம் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்தாள். தட்டை விரலால் தடவினாள். "சுத்தமா இருக்கு. இனி அடுத்த மாசம்தான்."

"சரிம்மா."

வாசல் தாண்டியவள் நின்றாள். "குடிக்கத் தண்ணி இருக்கா?"

"மூடித்தான் வச்சிருக்கேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரை நாற்காலி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இன்னும் அதை எடுக்கவில்லை.