பின் அடித்து மூடிய கடைசிப் பக்கம்

பையைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. உன் கையிலிருந்து திரும்பி வரும் புத்தகம் என்றால் எலுமிச்சை வாடை அல்லவா வர வேண்டும்? புளியங்குடி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடிந்து, எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே பஸ்ஸில் உட்கார்ந்து நீ படித்துக்கொண்டு வந்த புத்தகங்கள் எல்லாம் என் கடைக்குள் அந்த வாடையோடுதான் நுழையும். இது ஒன்றுதான் வேறு வாடையில் வந்திருக்கிறது.

உன் வீட்டுக்காரர் திங்கட்கிழமை கொண்டுவந்தார். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. “ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்த பை, தங்கச்சி. பரண்ல போட்டது அப்படியே கெடந்துட்டு. நேத்துதான் பாத்தேன், ஒங்க புஸ்தகம் உள்ள இருக்கு” என்றார். டீ சொல்கிறேன் என்றேன், நிற்கவில்லை. மூன்று நாளாகப் பையை ஜெராக்ஸ் மிஷினுக்கு அடியிலேயே வைத்திருந்தேன். ஆதார் நகல் எடுக்கக் குனியும்போதெல்லாம் காலில் இடித்தது. இன்று காலை கடையில் ஆள் இல்லாதபோது எடுத்துப் பிரித்தேன். கடைசிக் கதையின் கடைசிப் பக்கத்தை மூடி ஒரு தாள். மேலே ஒரு ஸ்டேப்ளர் பின், கீழே ஒரு பின். எடுக்காமல் அப்படியே இருந்தன.

இந்த மூடும் வழக்கம் நம் சண்டையில் பிறந்தது. லேபுக்குப் படிவம் நகல் எடுக்க வந்தவள் நீ. மேஜையில் நான் கவிழ்த்து வைத்திருந்த சிறுகதைத் தொகுப்பைப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி கதையெல்லாம் படிக்க சங்கரன்கோவில்ல இன்னொரு ஆளு இருக்கா?” என்று வாயைப் பிளந்தாய். நடக்காத உலகங்களைப் பற்றிய கதைகள். படித்து முடித்தால் நடக்கிற உலகம் உறுத்த ஆரம்பிக்கும். அன்றைக்கே இரவல் கொடுத்தேன். கொஞ்ச நாளில் நமக்குள் ‘வாங்க போங்க’ போய் ‘ஏட்டி’ வந்தது. அந்த ஆர்வக்கோளாறில் ஒரு கதையின் முடிவை நானே உளறிவிட்டேன். “முடிவச் சொல்லிட்டியே, நீ வெளங்குவியாட்டி?” என்று புத்தகத்தை மேஜையில் போட்டுவிட்டுப் போனவள், பத்து நாள் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வரும்போது சட்டத்தோடு வந்தாய். முதலில் படிப்பவள் ஒவ்வொரு கதைக்கும் கடைசிப் பக்கத்தை மூடிப் பின் அடித்துக் கொடுக்க வேண்டும். மற்றவள் தானாக ஒரு முடிவு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பின்னைப் பிடுங்கலாம். என் கடையில் வீணான தாளுக்கா பஞ்சம்? யாருடைய பட்டாவோ கோணலாக விழுந்த நகல், கதை முடிவை மறைத்துக்கொண்டு நிற்கும். ஸ்டேப்ளரோ பத்திரக் கட்டுகளுக்காக நான் வாங்கிய முரட்டு ஸ்டேப்ளர். “கதைக்குப் பின் அடிக்கியா, கதவுக்கு ஆணி அடிக்கியா?” என்பாய். நூலகப் புத்தகத்துக்கு மட்டும் ஜெம் கிளிப். அந்த மட்டுக்கு நமக்கு நேர்மை இருந்தது.

அந்தப் புத்தகங்களைத் தேடி எப்படி அலைந்திருக்கிறோம்! நூலகத்தில் கதை அலமாரியைத் தலைகீழாகப் புரட்டியும் ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் அறிவியல் அலமாரியில் கோழி வளர்ப்புக்குப் பக்கத்தில் ஒரு தொகுப்பைக் கண்டுபிடித்தாய். “கதைன்னா கதப் பக்கம் வச்சிருப்பேன்லா? இதுல கிரகம் கிரகம்னுல்லா போட்டிருக்கு” என்றார் நூலகர். அதிலிருந்து எந்த நூலகத்துக்குப் போனாலும் நேரே கோழி வளர்ப்பைத்தான் தேடிப் போவோம். திருநெல்வேலி புத்தகக் கண்காட்சியில் ஒரு பையன் நிலாவும் முயலும் போட்ட படப்புத்தகத்தை நீட்டி, “எத்தனாங் கிளாஸ் புள்ளைக்குக்கா?” என்று கேட்டான். “நாப்பத்தோரு வயசுப் புள்ளைக்கு” என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவனும் அதை நம்பி உள்ளே போய்த் தேடினான் பாவம்.

நாவலைத் தொடமாட்டாய். “புளியங்குடி போய்ச் சேருததுக்குள்ள ஒரு கதை முடியணும்” என்பாய். நல்ல கதைக்கு நீ வைத்த அளவும் ஒன்றுதான். “ராக்கெட் பறந்தா மட்டும் போதாதுட்டி. படிச்சிட்டு சோத்துல கை வச்சா, கை அங்கனயே நிக்கணும்.” ஒவ்வொரு முடிவின் அடியிலும் படித்த கிழமையைப் பென்சிலில் எழுதி, பக்கத்திலேயே தீர்ப்பையும் எழுதுவாய். ‘சோறு இறங்குது’ அல்லது ‘சோறு இறங்கல’. நாம் படித்த அத்தனை தொகுப்புகளிலும் சேர்த்து இறங்காத கதைகள் கொஞ்சம்தான். அவற்றை இரண்டாம் முறை படிக்க எனக்கு இப்போதும் தைரியம் வரவில்லை.

உன் நோயையும் நீயே கண்டுபிடித்தாய். களைப்பாக இருக்கிறது என்று உன் ரத்தத்தை நீயே எடுத்து, நீயே மைக்ராஸ்கோப்பில் பார்த்தாய். கடைக்கு வந்து, “பாத்துட்டேன்ட்டி. நல்லா இல்ல” என்று மட்டும் சொன்னாய். அடுத்து என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாய் என்று பயம். அதே வாரம் இந்தத் தொகுப்பு கூரியரில் வந்தது. நான் முதலில் படித்துவிட்டு, எல்லா முடிவுகளையும் மூடி உன் கையில் கொடுத்தேன்.

கடைசிக் கதை இதுதான். ஒரு ஊர். அங்கே சாகப் போகிறவர்கள் தங்களுடைய சத்தங்களில் ஒன்றை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். ஒரு வீட்டில் செத்துப்போன அப்பாவின் இருமல் கேட்டுக்கொண்டே இருக்கும், இன்னொரு வீட்டில் யாரோ சாவி திருப்பும் சத்தம். அந்த ஊரில் ஒருத்தி படுத்த படுக்கையாகக் கிடந்து, எதை விடலாம் என்று கதை முழுக்க யோசிக்கிறாள். எதை விட்டாள் என்பது மூடிய பக்கத்தில் இருக்கிறது.

நீ ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வார்டுக்கு வந்தேன். தட்டில் இட்லி தொடாமல் இருந்தது. அதற்கு உன்னைத் திட்டினேன். புத்தகம் உன் நெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடந்தது. உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போன நேரம் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

“எந்தச் சத்தத்தட்டி விட்டுட்டுப் போனா?”

எனக்கு முடிவு தெரியும். தெரிந்ததால்தான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். “மொதல்ல ஒன் முடிவச் சொல்லு. ஆள ஏமாத்தாத. வீட்டுக்கு வந்து சொல்லு, பெறவு பின்னப் பிடுங்கிக்கிடலாம்” என்றேன், கேலியாகச் சொல்வதுபோல. “சரி, யோசிச்சுச் சொல்லுதேன்” என்று கையை விட்டாய். செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

இந்த ஒரு வருஷமும் என்னை அறுத்தது அதுதான். ஒரு கதையின் முடிவு தெரியாமல் உன்னை அனுப்பிவிட்டேன். செத்துக்கொண்டிருந்தவளிடம் போய் விளையாட்டுச் சட்டம் பேசியிருக்கிறேனே, நான் என்ன மனுஷி!

இன்று காலை பின்னை நெம்பக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அது என் பின் இல்லை. சின்னப் பின், நர்ஸ்கள் கேஸ் ஷீட்டில் அடிப்பார்களே, அந்த மாதிரி. அதற்கு அரை விரல் தள்ளி என் முரட்டுப் பின் இருந்த ஓட்டைகள் வெறுமனே இருந்தன. மேலேயும் அப்படி, கீழேயும் அப்படி. பின்களைப் பிடுங்கித் தாளைத் தூக்கினேன். பக்கத்தின் அடியில் உன் பென்சில் எழுத்து.

‘வெள்ளி. சோறு இறங்கல.’

அடிப்பாவி! வெள்ளிக்கிழமையே படித்துவிட்டு, மறுபடியும் மூடி வைத்துக்கொண்டா ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேட்டாய்? அத்தனை வருஷத்தில் நீ சட்டத்தை மீறியது அந்த ஒரு தடவைதான். அப்படியானால் உனக்கு வேண்டியிருந்தது கதையின் முடிவு இல்லை. சாவைப் பற்றி உன்னோடு வாய் திறந்து பேச ஒரு ஆள்தான். வீட்டில் எல்லோரும் ‘சரியாயிரும், சரியாயிரும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானாவது பேசுவேன் என்று நினைத்திருக்கிறாய். அதற்கு ஒரு கதையைச் சாக்காக வைத்துக் கதவைத் திறந்துவிட்டாய். நான் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். முடிவு தெரியாமல் நீ போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கடையில் யாரும் இல்லை. மிஷினை அணைத்துவிட்டு, வாய்விட்டுச் சொன்னேன். “ஒண்ணையும் விடலட்டி. ஒண்ணுமே விடாம போயிட்டா. வீட்டுல எல்லாரும் காதத் தீட்டிட்டு உக்காந்திருக்காவ. அதோட கதை முடிஞ்சு போச்சு. ஒன்கிட்ட எப்படிட்டி அதச் சொல்லுவேன்? எனக்குப் பயமா இருந்துச்சு.” சொல்லிவிட்டு அழுதேன். ஜாதகம் நகல் எடுக்க வந்த ஒருத்தர் என்னைப் பார்த்துவிட்டு, பெறவு வாரேன் என்று போய்விட்டார்.

உன் பென்சில் எழுத்துக்குக் கீழே இன்றைய கிழமையை எழுதினேன். வியாழன். சோறு இறங்கல. பிறகு தாளை மூடி, நீ அடித்த ஓட்டைகளிலேயே உன் சின்னப் பின்களைத் திரும்பச் செருகி வைத்தேன்.

ஆனால் அந்தக் கதையில் வந்தவள் மாதிரி நீ போகவில்லை. சாயங்காலம் புளியங்குடி பஸ் வந்து நிற்கும்போதும், எலுமிச்சை மூட்டை இறங்கும்போதும், சோற்றில் கை வைக்கும்போதும் வார்டில் நீ கேட்டது காதில் கேட்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றாயே, அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே உன் முடிவைச் சொல்லி முடித்திருக்கிறாய். எனக்குத்தான் விளங்க ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

“எந்தச் சத்தத்தட்டி விட்டுட்டுப் போனா?”

இதத்தான்ட்டி.