மூன்றாவதாக ஏறுகிறவர்

படத்தைக் கழற்றிய இடத்தில் சுவர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருக்கிறது. சட்டத்துக்குப் பின்னாலிருந்து பழைய எண்ணெயும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை வருகிறது. அதை முகர்ந்ததும் உங்கள் மேல் எனக்கிருந்த சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருஷம் உங்களோடும் அதனோடும் சேர்ந்துதான் குடித்தனம் நடத்தினேன்.

எஸ்டேட் பங்களாவில் பட்லர் வேலை முடிந்த அன்று அந்தப் படத்தைச் சாக்கில் சுற்றி நம் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். தேயிலை வருவதற்கு முந்தைய நம் மலை, காடு, ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையோடு ஏறும் நாலு பேர். அந்தக் காலத்துத் துரை வீட்டில் யாரோ வரைந்ததாம். மேனேஜர் கொடுத்தார் என்றீர்கள். விறகுக்கட்டு வெளியே போனாலும் கேட்பாஸ் சீட்டைக் காட்டச் சொல்கிற எஸ்டேட்டில் படத்தை யார் தூக்கிக் கொடுப்பார்கள்? "களவாண்டதா?" என்று நேராகவே கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"ஏட்டி, மூணாவதா ஏறுறவரு எங்க பூட்டன். போடியிலேருந்து நடந்தே வந்தவரு."

"முதுகுதான தெரியுது?"

"இடது தோளு எறங்கியிருக்கு பாரு. எனக்கும் அப்படித்தான இருக்கு!"

பேச்சை மாற்றுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை மகன் கொச்சியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படம், நல்ல விலை போகும் என்றார் அவர். பிறகு, "இது உங்க கையில எப்படி வந்தது? ரசீது, கடலாசு ஏதாச்சும் உண்டா?" என்றார். போய்ச் சேர்ந்த உங்களுக்குத் திருட்டுப் பட்டம் வந்துவிடுமே என்று எனக்குப் பகீரென்றது.

அவர் பின்னட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு கேட்பாஸ் மடித்து வைத்திருந்தது. மேனேஜர் கையெழுத்தோடு, 'பழைய மரச்சட்டம் ஒன்று.' படம் என்ற பேச்சே அதில் இல்லை. சட்டத்துக்குப் பாஸ் வாங்கிப் படத்தைக் கடத்தினீர்களா, இல்லை மேனேஜருக்கு இரண்டும் ஒன்றுதானா? இனி யாரிடம் கேட்பேன்?

"படமும் முறையா கொடுத்ததுதான்னு எழுதிக் கையொப்பம் போட்டாப் போதும்" என்றார் வந்தவர்.

"ஒரு கையெழுத்துதானம்மா" என்றான் மகன்.

எனக்குக் கை வரவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எப்படி எழுதுவேன்? வந்தவர் ஜீப்பேறிப் போய்விட்டார். மகனும் முகத்தைத் தூக்கிக்கொண்டு பையை எடுத்துப் பஸ்ஸுக்கு இறங்கினான்.

வாசலில் நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது தோள் இறங்கியிருந்தது. பையின் கனம் இழுக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் பை வலது கையில் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இதை எழுதி முடித்ததும் படத்தை அதே ஆணியில் மாட்டப்போகிறேன். களவாண்டீர்களா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அந்த மூன்றாவது ஆளை இனிமேல் சந்தேகப்பட மாட்டேன்.