குளிசையை நிறுத்திய மாதம்

2024 பங்குனி (மார்ச்) 5
நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல் குளிசை போடத் தொடங்கிப் பல வருடம். பல் விளக்குவது போல அதுவும் பழகிவிட்டது. ஆனாலும் இறைச்சி சாப்பிட்டால் கல் மாதிரிக் கிடக்கிறது. மகள் தேனுகா விடவில்லை. வவுனியாவுக்குக் கூட்டிப்போய் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வைத்தாள்.

பங்குனி 12
காஸ்ட்ரின் என்று இரைப்பையில் அமிலம் சுரக்கவைக்கும் ஒரு ஓமோனாம். எனக்கு அது பல மடங்கு ஏறியிருக்கிறது. டொக்டர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கணையத்தில கட்டி இருந்தாலும் இப்பிடி ஏறும். ஸ்கான் எடுப்பம்."
கட்டி. அதற்குப் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை. பஸ் எங்கள் ஊர் முள்ளியவளைக்கு வந்ததுகூடத் தெரியவில்லை.

பங்குனி 13
எனக்கோ கட்டி? தேனுகா தகப்பனும் இல்லாத பிள்ளை. நானும் போனால் அவளுக்கு ஆர் இருக்கினம்?

பங்குனி 15
தேனுகா விரும்புகிற நிருஷன் நல்ல பெடியன்தான். ஆனால் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவன், நாங்கள் கோயில். அதனால் இரண்டு வருடமாக மறுத்துவந்தேன். இன்று குசினியில் சொன்னேன்: "அவனையே கட்டு பிள்ளை. நான் இருக்கேக்கையே முடிச்சிடுவம்."
அவள் சந்தோசப்படவில்லை. நிலத்தில் குந்தியிருந்து அழுதாள்.

பங்குனி 20
ஸ்கானில் கட்டி ஒன்றும் தெரியவில்லை. நம்பவும் முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் வேறொரு டொக்டர் அம்மாவிடம் போனோம். றிப்போட்டைப் பார்த்ததும் கேட்டா: "இரத்தம் எடுக்கேக்கையும் குளிசை போட்டனீங்களோ?"
"ஓம், ஒவ்வொரு நாளும்."
"ஆரும் நிப்பாட்டச் சொல்லேல்லையோ?"
ஒருவரும் சொல்லவில்லை.
குளிசை அமிலத்தை அடக்க, அமிலம் காணாதென்று இரைப்பை காஸ்ட்ரினைக் கூட்டிவிடுமாம். இறைச்சியைச் செமிக்கவைக்கும் பெப்சின் என்ற நொதியத்துக்கும் அமிலம் வேணுமாம்.
"நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப இரத்தம் எடுப்பம். கொஞ்ச நாள் எரிவு கூடும், பயப்பிடாதேங்கோ."
ஒரு குளிசையோ? அந்தச் சின்னக் குளிசையோ என்னைச் சாகப்போறவள் ஆக்கினது?

பங்குனி 25
குளிசையை நிறுத்தி ஐந்தாம் நாள். நெஞ்சு முழுக்க நெருப்பு. டொக்டர் அம்மா சொன்னதுதான், தெரியும். என்றாலும் மனம் கட்டி, கட்டி என்றுதான் சொல்லுது.

சித்திரை (ஏப்ரல்) 9
காஸ்ட்ரின் சாதாரண அளவுக்கு இறங்கிவிட்டது. கட்டி இல்லை. டொக்டர் சிரித்தா. றிப்போட்டைத் திரும்பவும் ஒருக்கா வாசிக்கச் சொன்னேன்.

சித்திரை 10
யாழ்ப்பாணத்தால் வந்ததிலிருந்து தேனுகா என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று மெல்லக் கேட்டாள்: "சாகப்போறன் எண்டு நினைச்சுத்தானே அம்மா அண்டைக்கு அவனைக் கட்டச் சொன்னனீங்கள்... இப்பவும் அப்பிடித்தானோ?"
தூக்கிவாரிப் போட்டது. நான் பிழைத்ததற்குச் சந்தோசப்படக்கூட என் பிள்ளை பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.
"வருசப்பிறப்புக்கு அவனைச் சாப்பிட வரச் சொல்லு" என்றேன்.

சித்திரை 14
இன்று வருசப்பிறப்பு, ஞாயிறு. நிருஷன் சபையால் நேரே வந்தான். மரக்கறிச் சாப்பாடு. கண்ணை மூடிச் செபித்துவிட்டுச் சாப்பிட்டான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இரண்டாம் தரமும் சோறு கேட்டான். நானே போட்டேன்.