ஸ்வெட்டரில் நீங்கள் சிரிக்கிறீர்கள்

மூன்று கிறிஸ்துமஸாக நம் வீட்டு மேசைக்கு வராத என் அன்பு அத்தானுக்கு,

முதலில் ஒரு திருத்தம். அயர்லாந்திலிருந்து மகள் ஆசையாகக் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் ஸ்வெட்டரை நான் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போட்டேன் என்று நம் பங்குக் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். மயங்கி விழுந்தேன் என்றும், சோடா உடைத்து முகத்தில் தெளித்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். இது எதுவும் நடக்கவில்லை. நான் உட்கார்ந்தேன். நிற்க முடியாதபோது மனிதர்கள் உட்காருவார்கள். கத்தரிக்கோலை எடுத்தது உண்மை. கழுத்துக்குப் பின்னால் உறுத்திய துணிச்சீட்டை மட்டும் வெட்டினேன். ஸ்வெட்டர் முழுசாக அலமாரியில் இருக்கிறது.

சீட்டு உறுத்தியது என்றால் நான் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று அர்த்தம். ஆம், பார்த்தேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு. நம் ஊர் டிசம்பரில் ஸ்வெட்டர் எதற்கு என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அதைத்தான் கேட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் நாளிலும் இங்கே ஒரு சால்வை போதுமே.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு மகள் ஜெசிந்தா ஊருக்கு வந்தது இதுதான் முதல் கிறிஸ்துமஸ். காலைப் பூசை முடிந்து வந்து, நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தங்கம் ஒரு தட்டு முந்திரிக்கொத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது மகள் ஒரு பொதியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"பிரிச்சுப் பாருங்கம்மா. அங்க எல்லாரும் கிறிஸ்மசுக்கு இத மாதிரிதான் போடுவாவ. கொஞ்சம் கோமாளித்தனமா இருக்கணும். அதுக்குத்தான் இத போடுகதே."

நல்ல பச்சை. கழுத்தில் சிவப்புக் கரை. கண்ணாடி இல்லாமல் பார்த்தபோது உடம்பெல்லாம் தக்காளி வரைந்திருக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டேன். அத்தான், அது நீங்கள்.

உங்கள் தலை. முன்னால் பதினெட்டு, பின்னால் பதினெட்டு. ஒவ்வொரு தலையிலும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்புக் குல்லாய். நடுநடுவே பனிப்பூ இருக்க வேண்டிய இடத்தில் நீல நிறச் சாளை மீன்கள். உங்களுக்குச் சாளை பிடிக்கும் என்று மகள் அதைத் தனியாகச் சொல்லிப் போடவைத்தாளாம். தையல் வந்த இடத்தில் உங்களைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். இடது கையைத் தூக்கினால்தான் அக்குளுக்குள் உங்கள் மற்றொரு காது தெரிகிறது.

இறந்தவர் படத்துக்கு நம் பக்கம் ஒரு முறை உண்டே. ஸ்டுடியோவில் கொடுத்து, முடியைச் சீராக்கி, கோட்டும் டையும் போட்டு, சட்டமிட்டு மாட்டுவோம். தெருமுனையில் வைக்கிற கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸிலும் ஒருவருக்கு ஒரு முகம்தான். முப்பத்தாறு முகத்தை உடம்பில் சுற்றிக்கொள்ள எந்த விதவையிடம் சொல்வார்கள்? நான் அதை மகளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கம் கையைத் தட்டினாள்.

"அம்மோ, நம்ம தாலுகாபீசு சாரு! ஏட்டி பிலோமி, சாரு இப்பிடிச் சிரிப்பாவளா? நான் இத்தன வருசம் எதிர்த்தாப்புல இருக்கேன், அவிய பல்ல ஒரு நாள் பாத்ததில்லியே!"

அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். வாய் முழுக்கத் திறந்திருந்தது. கண் இரண்டும் சிரிப்பில் காணாமல் போயிருந்தன. மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. முப்பத்தாறு முகத்திலும் இல்லை.

நான் உட்கார்ந்தது அப்போது.

அந்தப் பல் எப்போது விழுந்தது அத்தான்? உங்கள் சட்டைப் பொத்தான் தளர்ந்தால் எனக்குத் தெரியும். சர்க்கரை மாத்திரை எத்தனை மிச்சம் என்று தெரியும். ஒரே மேசையில் நாற்பத்தாறு வருடம் எதிரெதிரே சாப்பிட்டோம். உங்கள் வாய்க்குள் ஒரு பல் போனது எனக்குத் தெரியாது.

தங்கம் போன பிறகு மகளைச் சமையலறையில் பிடித்தேன். இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"ரோசம்மா அத்தை அனுப்பித் தந்தாவ. நம்ம வீட்டு போட்டோவெல்லாம் தேடிப் பாத்தேன்மா. ஒண்ணுலயாவது அப்பா சிரிக்கணுமே! எல்லாத்துலயும் பாஸ்போர்ட்டுக்கு நிக்குத மாதிரி நிக்காவ. அத்தைட்ட கேட்டேன், ரெண்டு நிமிசத்துல வந்துட்டு."

உங்கள் தங்கை ரோசம்மாள். நான் அவளோடு பேசி மூன்று வருடம் ஆகிறது என்று மகளுக்கும் தெரியும்.

ஜெசிந்தா தன் போனில் முழுப் படத்தையும் காட்டினாள். கடற்கரையில் ரோசம்மாள் வீட்டு முற்றம். கவிழ்த்துப் போட்ட மீன் கடவக் கூடையின் மேல் நீங்கள், சட்டையில்லாமல், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரத்தோடு. தாலுகா அலுவலகத் தலைமை எழுத்தர். பக்கத்தில் ரோசம்மாளின் தோள் மட்டும் விழுந்திருக்கிறது. அந்தத் தோளும் சிரிப்பில் குலுங்குவது தெரிகிறது.

"உங்கப்பா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அங்கே போனது அவர் அம்மா கல்லறையில மெழுகுதிரி கொளுத்த" என்றேன்.

"மெழுகுதிரி கொளுத்த அஞ்சு நிமிசம் போரும்மா. திரும்பி வார பஸ்சு சாயங்காலம்தானே?"

"அங்கே சிரிக்கத் தெரிஞ்சவர் இங்கே ஏன் சிரிக்கல்ல?"

அவள் கேக்குத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒங்களுக்குப் பிடிக்காதுன்னு அப்பா சொல்லுவாவ. சின்னப் பிள்ளைல என்னயும் கூட்டிட்டுப் போவும்போ சொல்லுவாவ. 'மக்கா, சத்தமா சிரிக்கணும்னா அடக்கி வச்சுக்கோ. அத்த வீட்டுக்குப் போயிச் சிரிப்போம்.'"

அத்தான், இது உண்மையா? பிள்ளையிடம் அப்படிச் சொன்னீர்களா?

எனக்குப் பிடிக்காது என்று நான் எப்போது சொன்னேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை, ஜெபமாலை சொல்லும்போது ஞாபகம் வந்தது. கல்யாணம் முடிந்த வாரம் என் அண்ணன் வீட்டில் விருந்து. யாரோ எதையோ சொல்ல, நீங்கள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தீர்கள். வாயிலிருந்த சோற்றுப் பருக்கை வெள்ளை மேசை விரிப்பில் விழுந்தது. அண்ணி அதைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் நான் சொன்னேன்: "சந்தையில் சிரிக்கிற மாதிரி வாயைப் பிளந்து சிரிக்க வேண்டாமே."

கன்னியர் மடப் பள்ளியில் எங்களுக்குச் சிரிப்பைக் கைக்குட்டைக்குள் வைக்கப் பழக்கினார்கள். அதுவே ஒழுங்கு என்று நம்பி வளர்ந்தவள் நான். ஆனால் அதை இங்கே சாக்காக எழுத மாட்டேன். உங்கள் அம்மா கடவம் சுமந்து சந்தையில் மீன் விற்றுத்தான் உங்களைப் படிக்க வைத்தார். அன்று அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். அதற்குப் பிறகு வீட்டில் சிரிப்பு வந்தால் கையை வாய்க்குக் கொண்டுபோவீர்கள். அது உங்கள் சுபாவம் என்று நினைத்தேன். கண்ணியமான மனிதர் என்று பெருமைப்பட்டேன்.

ஒரே ஒரு தடவை சொன்னேன் அத்தான். குளியலறை விளக்கை அணைக்கச் சொல்லி ஆயிரம் தடவை சொன்னேன், அணைத்தீர்களா? ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்று சொல்லாத நாள் உண்டா? அதையெல்லாம் காதிலேயே வாங்காத மனிதர் இதை மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டீர்கள்? 'பிலோமி, அந்தச் சட்டம் இன்னும் இருக்கா?' என்று ஒரு நாள் கேட்டிருக்கலாமே. இல்லை என்று சொல்லியிருப்பேனே. சொல்லியிருப்பேனா?

இனி நீங்கள் அறியாத ஒன்று. உங்கள் அடக்கத்தன்று உங்களுக்குக் கோட்டும் டையும் போட்டேன். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் நீங்கள் கோட்டு போட்டதில்லை. கடைசியாகப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் உங்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். உங்கள் வாயையும் நன்றாக மூடி வைத்திருந்தார்கள். ரோசம்மாள் வந்தாள். அழவில்லை. பெட்டிக்குள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"இது ஆரு மைனி? எங்க அண்ணன எங்க கொண்டு வச்சிருக்கீய?"

வீடு நிறைய ஆட்கள். என் காது கொதித்தது. "மரியாதை தெரியாதவங்க வெளியே நிக்கலாம்" என்றேன். அவள் வெளியே போய் வெயிலில் நின்றாள். பெட்டியைத் தூக்கும் வரைக்கும் நின்றாள். முப்பதாம் நாள் பூசைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அவள் என்னை அவமானப்படுத்தினாள் என்றுதான் மூன்று வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் காலையில் என் மடியில் கிடந்த அந்த முகத்தைப் பார்த்தபோது, எனக்கே யார் இது என்றுதான் இருந்தது.

ஜெசிந்தா அயர்லாந்துக்குத் திரும்பும் முன் அவள் போனிலிருந்து ரோசம்மாளைக் கூப்பிட்டேன்.

"ரோசம்மா, நான் பிலோமினா."

அங்கே கோழி கத்தியது, அவள் அதை விரட்டினாள். "மைனியா? சொகமா இருக்கியளா?"

"அந்தப் படத்தில அத்தான் எதுக்குச் சிரிக்கார்?"

"அதா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அத போன்ல சொல்ல ஒக்காது மைனி. ஒங்களப் பத்தியாக்கும்."

"என்னைப் பத்தி என்ன?"

"நேர்ல வாங்க, சொல்லுதேன். இப்பம் சொன்னா நீங்க போன வச்சிருவீய."

"நான் அப்படிப் பேச்சுக்கு நடுவில போனை வைக்கிறவள் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

என்ன சொன்னீர்கள் அத்தான் என்னைப் பற்றி? என்னைப் போலப் பேசிக் காட்டினீர்களா? நான் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தரம் சரிபார்ப்பதையா? பூசையில் பாடுகிறவர்கள் தப்பாகப் பாடினால் நான் திரும்பிப் பார்ப்பதையா? செய்தால் நன்றாகவாவது செய்தீர்களா? எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்தைவிட ஆசைதான் பெரிதாக இருக்கிறது. நீங்கள் அப்படிச் சிரித்த ஒரு பொழுதில் நானும் ஒரு மூலையில் இருந்திருக்கிறேன். அது என்ன என்று தெரியாமல் நான் போய்ச் சேர விரும்பவில்லை.

நேரில் போகலாம். இரண்டு பஸ் மாறி, கொட்டாரம் தாண்டினால் உங்கள் ஊர். தூரம் ஒரு காரணம் இல்லை. வெளியே நில் என்று சொன்னவள் அவள் வாசலில் எப்படிக் கால் வைப்பாள்? முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நான் அன்று சொன்னது பங்கு மக்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. ஆகவே இதையும் அவர்கள் அத்தனை பேரும் படிக்கட்டும் என்று, உங்கள் நினைவு நாளுக்கு வரும் பங்கு மலர் இதழில் போடக் கொடுக்கிறேன். ஃபாதர் வாசித்துவிட்டு, "அம்மா, இது நம்ம மலருக்கு வேணுமா?" என்று கேட்டார். வேணும் என்றேன். ஒரு பிரதி தபாலில் ரோசம்மாளுக்குப் போகும்.

ரோசம்மாளை வெளியே நிற்கச் சொன்னது தவறு. அவள் கேட்டது நியாயமான கேள்வி. நான் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த மூன்று வரியை எழுத நாலு நாள் ஆயிற்று.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் பதில் வந்ததும் கல்லறைக்குக் கொண்டுவந்து உங்கள் தலைமாட்டில் நின்று சத்தமாக வாசிப்பேன். என்னை எவ்வளவு கேலி செய்திருந்தாலும் ஒரு வரியையும் விட மாட்டேன். அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தெருவில் வருவேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

ரோசம்மா, மிச்சம் உனக்கு. அன்று அண்ணன் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய், எந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது, எல்லாவற்றையும் எழுது. நீ பேசுகிற மாதிரியே எழுது. கை நடுங்கினால் மருமகளிடம் சொல்லி எழுதச் சொல். போனில் வேண்டாம், இந்தத் தடவையும் நான் வைத்துவிடுவேன். எழுத்தில் பதில் அனுப்பு.

அத்தானின் பிலோமி,
ரோசம்மாளின் மைனி.