நான் வழங்கிய இரண்டு டாக்டர் பட்டங்கள்

ஜூன் 4

பேத்தி கல்லூரி விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்புகிறாள். காலையிலிருந்து ஒரே கேள்வி: அப்பா வெளிநாட்டில் படித்ததை எந்தக் கட்டத்தில் போடுவது? அங்கே ஐந்து வருடத்துக்கும் சேர்த்து ஒரே பட்டம்தானாம். இங்கே இளநிலை, முதுநிலை என்று தனித்தனிக் கட்டம். என் மகன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "இளநிலைன்னு போட்டுடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். அவனை அனுப்பிவிட்டு நான் ஐந்து வருடம் கண்ணீரோடு கிடந்தது, ஷூ லேஸ் கட்டும் நேரத்தில் அடிபட்டுப் போயிற்று.

மருமகள் வேறொரு நாட்டில் மூன்று வருடம் படித்தவள். அவளும் இளநிலை. இருவரும் ஒரே கட்டத்தில்! மாடி வீட்டம்மாவிடம் இத்தனை காலமாக, இரண்டு பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறேன்?

ஜூன் 5

பல் தேய்க்கும்போதும் அதே நினைப்பு. இளநிலையாம்.

ஜூன் 11

வீட்டில் நான் மட்டும். கல்லூரியிலிருந்து போன். வெளிநாட்டுப் படிப்பு என்பதால் சரிபார்க்கிறார்களாம். "உங்க பையன் இளநிலைதானேம்மா?" என்றாள் ஒரு பெண்.

அந்த 'தானே'தான் என்னைக் கிளப்பிவிட்டது. "யாரும்மா சொன்னது? டாக்டர் பட்டம்!"

"மருமகள்?"

காலையில்தான் அவளோடு குக்கர் மூடிக்காகச் சண்டை. அதற்காக வெளியாள் முன்னால் விட்டுக்கொடுப்பதா? "அவளும்தான்" என்றேன்.

போனை வைத்ததும் உடம்பு லேசாக இருந்தது. பேத்திக்கு நல்லது செய்துவிட்டேன்.

ஜூன் 16

செய்யவில்லை.

கல்லூரியிலிருந்து மின்னஞ்சல். விண்ணப்பத்தில் ஒன்று இருக்கிறது, வீட்டில் விசாரித்தால் வேறொன்று வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து விளக்காவிட்டால் விண்ணப்பம் ரத்து. "போனை எடுத்தது யாரு?" என்றான் மகன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பேத்தி திட்டவில்லை. "ஏன் பாட்டி?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அந்த ஒரு கல்லூரிதான் வேணும். ஐயோ, இந்த வாயை என்ன செய்யறது — தைச்சுடலாமா?

மருமகள்தான் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "என்னை எந்த சப்ஜெக்ட்ல டாக்டர் ஆக்கினீங்க அத்தை?"

"அதை அவங்க கேக்கல" என்றேன்.

ஜூன் 19

நானும் வருவேன் என்று அடம்பிடித்து மருமகளோடு கல்லூரிக்குப் போனேன். அதே போன் குரல், மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சொன்னது நான்தாம்மா. பொய்தான். புள்ளை மேல தப்பில்ல" என்றேன்.

அந்தப் பெண் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு, "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க பாட்டி?" என்றாள்.

"அஞ்சாவது. அதை எங்க வேணும்னாலும் விசாரிச்சுக்கங்க."

சிரித்துவிட்டாள். பிறகு கணினியில் எதையோ தேடிப் பார்த்து, "மருமகள் இளநிலை, சரி. ஆனா உங்க பையனோட அஞ்சு வருஷப் பட்டம் எங்க கணக்குல முதுநிலை. உங்க பேத்தி குறைச்சுப் போட்டிருக்கா" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "பேசாம இருங்க அத்தை" என்று மருமகள் என் கையை அழுத்தினாள். இருந்தேன். திருத்திக்கொண்டார்கள். இடம் தருவதும் தராததும் இனி அவர்கள் பாடு.

திரும்பும்போது அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. என்னிடம் டாக்டராக இருந்தவள், ஒரே காலையில் எவ்வளவு கீழே இறங்கிவிட்டாள்! பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கே கொடுத்தேன்.

ஜூலை 8

மறுபடியும் அந்தக் குரல். "இருங்க, குடுக்கறேன்" என்று மட்டும் சொல்லி, போனைப் பேத்தியிடம் நீட்டினேன். இடம் கிடைத்துவிட்டது! என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

சாயங்காலம் மாடி வீட்டம்மா படியில் மடக்கினார். "அப்பா அம்மா மாதிரி இவளும் டாக்டர் பட்டம்தானா?"

"அவங்க வாங்கல. மகன் முதுநிலை, மருமக இளநிலை" என்றேன். அந்தம்மா முகம் எப்படி மலர்ந்தது! நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

"அப்போ பேத்தியும் இல்லையா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

அந்த 'இன்னும்' மட்டும் என்னையும் மீறி வந்துவிட்டது.